சூடு போன இடம்

காசிமேட்டில் பல வருஷமாக மூடிக் கிடந்த மீன் குளிர்கிடங்கை ஷிபின் வாடகைக்கு எடுத்தபோது, அதன் தடித்த சுவரை மட்டும்தான் பார்த்தான். வெளிவெயில் உள்ளே வராது என்று சந்தோஷப்பட்டான். உள்ளே பிறக்கிற சூடும் வெளியே போகாது என்பது, கிராபிக்ஸ் கார்டுகளை ரேக்குகளில் அடுக்கி, கணக்குப் போட்டே டிஜிட்டல் காசு எடுக்கும் கிரிப்டோ மைனிங்கைத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. இராப்பகலாக ஓய்வில்லாமல் கணக்குப் போட்ட கார்டுகள் அறையை அடுப்பாக்கிவிட்டன. சில கருகியும் போயின.

மண்ணடியில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு ஏசி பார்க்கிற சங்கமித்ராவைக் கூப்பிட்டான். வியாசர்பாடிக்காரி. சுவரைத் துளைத்து எக்சாஸ்ட் ஃபேன் வைத்தாள். கடல்காற்றின் உப்பு கார்டுகளை அரிக்காமலிருக்க, காற்று நுழையும் வழியில் வடிதுணி கட்டினாள். வாரம் ஒருமுறை வந்து தூசி ஊதிவிட்டுப் போவாள்.

அப்படி வந்த ஒரு காலையில்தான் கடைசி மூலையிலிருந்த ரேக்கைக் கவனித்தாள். மற்ற கார்டுகள் தொட முடியாமல் கொதிக்க, அந்த ரேக் மட்டும் ஐஸில் கிடந்த மீனைப்போல் சில்லிட்டிருந்தது. வேலை குறையவில்லை. சூடே இல்லாததால் கார்டுகளின் காற்றாடிகள் தாமாகவே நின்றிருந்தன.

"தம்பி, இன்னா இது? ஃபுல் லோடுல ஓடிகினு கீது. ஆனா ஜில்லுனு கீதே?"

"நல்லதுதானேக்கா. நமக்கு கரண்ட் மிச்சமாக்கும்."

"கரண்ட்டு உள்ள போனா சூடு வெளிய வந்தே ஆவணும். இதோட சூடு எங்க போவுது?"

ஷிபின் சிரித்தான். அந்த வாரமே எல்லா ரேக்குகளையும் அந்த மூலைக்கே நகர்த்திவிட்டான். எல்லாமே குளிர்ந்தன. எத்தனை கார்டு வைத்தாலும் சூட்டையெல்லாம் மூலை வாங்கிக்கொண்டது.

அடுத்த முறை சங்கமித்ரா அங்கே குனிந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது கடகடவென்று சத்தம் கேட்டது. தளர்ந்த காற்றாடி என்று தேடினாள். ஒரு காற்றாடியும் சுற்றவில்லை. சத்தம் அவள் காதுக்கு வெகு அருகில், பற்கள் தந்தியடிப்பதுபோலக் கேட்டது. ஸ்குரூ டிரைவரை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

எதிரே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ராசையாவிடம் கேட்டாள். அந்தக் கிடங்கு நடந்த காலத்தில் அவர் அங்கே வேலை பார்த்தவர்.

"அத்த ஏம்மா கேக்குற? ஒரு வடநாட்டு ஆளு, பொட்டி எடுக்க உள்ள போனான். தெரியாம கதவ சாத்திட்டு எல்லாரும் வூட்டுக்குப் போய்ட்டோம். மறுநாளு லீவு வேற. வந்து தொறந்தா, அந்த மூலைல குந்திகினே செத்துக் கெடந்தான்."

"பேரு இன்னா?"

"யாருக்குத் தெரியும்? 'அரே'ன்னுதான் கூப்புடுவோம்."

ஷிபினிடம் சொன்னாள். "எனக்கு இதுலெல்லாம் விசுவாசம் இல்லக்கா, கேட்டியளா" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கூரைமேல் வேலையாக இருந்த சங்கமித்ரா கீழே இறங்கினாள். மெயின் சுவிட்சை அணைக்க உள்ளே போன ஷிபின் திரும்பவில்லை. கூப்பிட்டாள். இரும்புக் கதவு சாத்திக்கொள்ளாதபடி கருவிப் பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கார்டுகள் எல்லாம் செத்து அடங்கியிருந்தன. மூலையில் ஷிபின் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வியர்வையில் நனைந்த சட்டை விறைத்து நின்றது. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பெயரவில்லை. தன் உடம்புச் சூடும் விரல்நுனி வழியாக இறங்கிப் போவதை உணர்ந்தாள். அவன் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இவன உட்ருண்ணா. உனுக்கு நான் வேற வழி பண்றேன்."

பிடி தளர்ந்தது. அவனைத் தரதரவென்று இழுத்துவந்து தார் ரோட்டில் போட்டாள். கொதிக்கிற தாரில் கிடந்தும் வெகுநேரம் நடுங்கினான்.

"பக்கத்துல வந்து இருந்தான்க்கா," என்றான் கடைசியில். "ஒண்ணும் செய்யல்ல. ஒட்டி இருந்தான், அவ்வளவுதான்."

கார்டுகளை மாதவரத்துக்கு மாற்றிவிட்டு, கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றான் ஷிபின்.

"பூட்டக் கூடாது," என்றாள் அவள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் முதலில் முறைத்தார். ஷிபின் இருந்த நிலையைப் பார்த்த பிறகு சம்மதித்தார். கதவைப் பெயர்த்து எடுத்தார்கள். மூலைச் சுவரையும் அதன்மேல் கூரையையும் இடித்தார்கள். அந்தத் தரையில் வெயில் விழுவதை சங்கமித்ரா நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மாதவரத்தில் கார்டுகள் எல்லாக் கார்டுகளையும்போலக் கொதித்தன. காற்றாடிகளின் இரைச்சலைப் பற்றி ஷிபின் ஒருநாளும் குறைசொல்லவில்லை.

அடுத்த கோடையில் காசிமேடு வழியாகப் போன சங்கமித்ரா, இடிந்த கிடங்குக்குள் கருவாடு காயப்போட்டிருந்த மீன்காரி சிவந்தியைப் பார்த்தாள்.

"நல்ல எடம்க்கா," என்றாள் சிவந்தி. "அந்த மூல மட்டும் பேஜாரு. காலைலேர்ந்து வெயிலு வுழுது, போட்ட மீனு காயவே மாட்டேங்குது."

சங்கமித்ரா குனிந்து அங்கே கிடந்த மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"இங்க ஒண்ணும் போடாத. அந்த வெயில அப்டியே உட்டுடு."