ஆளுக்கொரு ஸ்தோத்திரம்

பீரோவின் மூன்றாவது தட்டைச் செல்வி தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எல்.ஐ.சி. காகிதம். அண்ணன் ஜெயசிங்கின் ஆதார் அட்டை மட்டும் அகப்படவில்லை. ஏழு மாத வயிறு பீரோக் கதவில் இடித்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு யோகராஜ் நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கிடைச்சிட்டா பாப்பா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. அம்மா குளிச்சு முடிக்கப் போறா."

பத்து நிமிடத்துக்கு முன்பு, அம்மா இருக்காவளா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். குளிக்கிறாள் என்றதும், ஜெயசிங்கின் ஆதார் வேண்டும், பெரியாஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று உளறினார். செல்வி கேட்ட மூன்றாவது கேள்வியில் உடைந்துபோனார். ஜெயசிங் தூத்துக்குடியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தான். எட்டயபுரம் தாண்டி ஒரு லாரி. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. செல்வியின் கணவன் மணிராஜ்தான் பிணவறை வாசலில் நிற்கிறான்.

"வீட்ல மூச்சு விடக் கூடாதுன்னு மாப்பிள்ள படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நான் ஒரு கூறுகெட்டவன்" என்று யோகராஜ் நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய் ஹெல்மெட்டில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் என்றால் வேறு யார்? இரண்டு ஸ்டென்ட் வைத்த நெஞ்சு அம்மாவுக்கு. செல்வி அந்த நொடியே முடிவெடுத்தாள். ஆஸ்பத்திரி வண்டி வந்து, மணிராஜ் பக்கத்தில் நிற்கும்வரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அதுவரை தான் அழவும் கூடாது.

"எத்தனை மணிக்கு வருவாவ?"

"ரெண்டாயிரும் பாப்பா."

அட்டை ஒரு பழைய வேதாகமத்துக்குள் இருந்தது. போட்டோவைப் பார்க்காமல் ஜன்னல் கம்பி வழியே நீட்டினாள்.

"ஏட்டி செல்வி! பீரோவுக்குள்ள குடித்தனமா நடத்துத? அந்த அட்டப்பெட்டியத் தூக்கிட்டு வா. மரத்த இப்பமே சோடிச்சிருவோம்."

அம்மா ஈரத்தலையோடு ஹாலில் நின்றாள். அண்ணன் வந்த பிறகுதான் மரம் என்று நேற்று ஒற்றைக்காலில் நின்றவள். செல்விக்கு அது ஆண்டவரே காட்டிய வழியாகப் பட்டது. அம்மாவை வாசல் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்க ஒரு வேலை.

மரம் என்றால் சவுக்குக் கொப்புதான். பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி நட்டிருந்தது. பனிக்கு, கரிசல் காட்டுப் பருத்தி. கொட்டை நீக்காமல் அப்படியே பிய்த்து வைப்பார்கள். மற்றதெல்லாம் தீப்பெட்டிகள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஆளுக்கொரு பெட்டி, தங்கக் காகிதம் சுற்றி, முதுகில் வருடம் எழுதி, நூல் கோத்துத் தருவார். அவர் போன பிறகு ஜெயசிங் செய்தான். அவரவர் பெட்டியைக் கட்டும்போது அந்த வருடத்துக்கு ஆண்டவருக்கு நன்றியாக ஒரு ஸ்தோத்திரம் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் ஊரில் இல்லையென்றால் அவருக்காக இன்னொருவர் சொல்ல வேண்டும். அப்பா வைத்த சட்டம்.

"உங்கண்ணன் வெச்ச பல்பப் பாத்தியா?" அம்மா பெட்டிக்குள்ளிருந்து சிவப்பு பெயிண்ட் அடித்த குண்டு பல்பை எடுத்தாள். "அஞ்சாப்பு படிக்கையில. ஃபியூஸ் போன பல்புன்னு சொல்லி, எரிஞ்சுகிட்டு இருந்த அடுப்பங்கரை பல்பக் கழத்திட்டான். ரெண்டு நாளு இருட்டுல சோறு பொங்குனேன்."

"அப்பா அடிச்சாவல்லா?"

"அடிக்கக் கை ஓங்குனாவ. இவன் உடனே கண்ண மூடி, பல்பு குடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னுட்டான். அவிய சிரிச்சிட்டாவ."

செல்வியும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகத் திரும்பப் பார்த்தது. குனிந்து பருத்தியைப் பிய்த்தாள்.

"அண்ணனுக்கு வண்டி பஞ்சராம்மா. போன் பண்ணுனான். வர நேரமாகுமாம்."

"ஆகட்டும்" என்றாள் அம்மா.

இந்த வருடத்துப் பெட்டிகளை அண்ணன் போன மாதமே செய்து வைத்துவிட்டுப் போயிருந்தான். செல்வி தன்னுடையதைக் கட்டி, வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்தது அவனுடையது. வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: இந்த வருஷம் பூராவும் அவனைப் பத்திரமாகக் காத்ததற்கு. நூலைக் கொப்பில் சுற்றினாள். முடிச்சு நழுவிப் பெட்டி மடியில் விழுந்தது.

அம்மா அதை எடுத்தாள். உச்சிக் கொப்பைத் தாழ இழுத்து, இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

"முப்பத்தோரு வருசம் என் பிள்ளையா எங்கூட இருக்கவிட்டதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா எப்போதுமே ஜெபத்தில் கணக்கு வைத்துப் பேசுகிறவள்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கே அம்மா தட்டை வைத்தாள். சுடுசோறு, பருப்பு, இரண்டு முட்டை.

"பசிக்கலம்மா."

"உனக்குப் பசிக்காட்டி என்ன? உள்ள இருக்கவனுக்குப் பசிக்கும்லா. தின்னுட்டி."

மறுத்தால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்டால் தாங்காது. செல்வி உருண்டை உருண்டையாக விழுங்கினாள். அங்கே அவன் வெறுந்தரையில் கிடக்கிறானோ என்னவோ. அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள். மறுசோறும் வைத்தாள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் கொடுத்தாள். காலுக்குத் தலையணை வைத்தாள்.

"நீ சாப்பிடும்மா."

"எனக்கு இன்னைக்கு உபவாசம்."

இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். தெருமுனையில் வண்டிச் சத்தம். செல்வி பதறி எழுந்து, அம்மாவுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றாள். மணிராஜ் உள்ளே வந்தான். சட்டையில் கறை.

"இருங்க, அம்மாட்ட நான் சொல்லுதேன்" என்று அவள் மூச்சுவாங்கச் சொன்னாள்.

அவன் அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தான்.

"சாப்பிட்டாளா அத்த?"

"ரெண்டு வாட்டி சோறு வாங்கிச் சாப்பிட்டா மாப்ள. மாத்திரையும் போட்டுட்டா. இனிச் சொல்லிருங்க."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எப்போதும் சாத்தியே கிடக்கும் இரண்டாவது கதவின் தாழ்ப்பாளை, சவப்பெட்டி நுழைவதற்காக, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

மணிராஜ் செல்வியின் தோளைப் பிடித்தான்.

"காலைல எட்டே காலுக்கே, அவன் போன்ல இருந்து போலீஸ்காரர் மொதல்ல கூப்பிட்டது அத்தையத்தான். எனக்கே அவியதான் சொன்னாவ."