ஓட்டுப் போட்டவர் கேட்டால்

தேர்தல் முடிவு வந்த மறுவாரமே சங்கராபுரம் தாலுகா ஆபீசில் லூர்துராஜின் மேசையைத் தேடி வாத்தியார்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கல்வராயன் மலைக்குத் தேர்தல் வேலைக்குப் போனவர்கள். சொந்த ஊர்ச் சாவடிக்குப் போக முடியாததால் தங்கள் ஓட்டைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அந்த உறைகளைப் பிரித்த மேசையில் லூர்துராஜும் உட்கார்ந்திருந்தார். மேல் உறைக்குள் பெயர் எழுதிய உறுதிமொழித் தாள். ஓட்டுச் சீட்டு தனியாக உள் உறையில். தாளில் கையெழுத்தோ அதிகாரியின் முத்திரையோ இல்லையென்றால் உள் உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். பெயர்களை வாய்விட்டுப் படித்தவர் அவர்தான். யாருக்குப் போட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாது. யாருடையது எண்ணிக்கையில் சேர்ந்தது, யாருடையது தள்ளுபடியானது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

அதைச் சொல்வது அவர் வேலையில்லை. ஆனால் மலையேறி இறங்கி வந்தவர்கள் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். ஓட்டுப் போட்டவர் தன் வாயால் கேட்க வேண்டும். அண்ணனுக்காகத் தம்பி வந்தாலும் திருப்பி அனுப்பினார். ஜூலியா டீச்சருடையது சேர்ந்திருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் கணவன் தனசேகரனோடு வந்தாள். அவர்கள் ஊரில் அவர்கள் சாதிச் சனம் தேர்தலையே புறக்கணித்திருந்தது. இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறித்தபோது போலீஸ் அடித்ததில் தனசேகரனின் வலது முழங்கை மடங்காமல் நின்றுவிட்டது. ஒதுக்கீடு வராமல் ஓட்டு இல்லை என்று கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தவர்களில் அவன் முதல் ஆள்.

அவன் உட்காரவில்லை. "ஊர்ல ஒரு பேச்சு ஓடிகினு இருக்குது சார். எங்க வூட்டுல தபால் ஓட்டுப் போட்டாங்கன்னு. கேட்டா இவ வாயத் தொறக்க மாட்டேன்றா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

பதில் லூர்துராஜிடம் இருந்தது. சேர்ந்தது என்றாலும் தள்ளுபடி என்றாலும், அவள் போட்டாள் என்றுதான் ஆகும்.

"ஓட்டுப் போட்டவங்க கேட்டாத்தாங்க சொல்லுவேன்" என்றார். "போடாதவங்களுக்கு எங்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல."

அவள் கேட்காமலே தப்பித்துப் போக அது போதும் என்று நினைத்தார். தனசேகரனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான் போலிருந்தது. "போடாதவ இன்னாத்த கேப்பா. வா போவலாம்" என்று திரும்பினான்.

அவள் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், என் ஓட்ட எண்ணுனாங்களா?"

லூர்துராஜ் தனசேகரனைப் பார்க்காமல் பேசினார். "உங்க கையெழுத்து இருந்துச்சும்மா. ஆபீசர் முத்திரை இல்ல. உறையப் பிரிக்காமயே தள்ளிட்டாங்க."

தனசேகரன் மூச்சு விட்டான். சத்தம் போடப்போகிறான் என்று பயந்திருந்த லூர்துராஜுக்கு அவன் முகத்தில் தெளிவு வந்ததைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

"எண்ணல இல்ல? அப்ப போட்டதே இல்லன்னு ஆச்சு. ஊர்ல நான் சொல்லிக்கறேன்."

"நீங்க இன்னா வேணா சொல்லிக்கோங்க. நான் போட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "மலையில நடக்க முடியாத கெழவியக்கூட தூளி கட்டித் தூக்கிகினு வந்தாங்க. அவங்க வெரல்ல மை வச்சவ நான். வூட்டுக்கு வந்து என் சீட்ட கிழிச்சுப் போட கை வரல. உங்க கைய நெனச்சு அழுதுகினேதான் போட்டேன்."

தனசேகரன் வாசலுக்குப் போய் நின்றான். மறியலில் அடிபட்டபோதுகூட அவன் இப்படித் தலை குனிந்து நின்றிருக்க மாட்டான் என்று லூர்துராஜுக்குத் தோன்றியது.

"முத்திரை எந்த எடத்துல சார் வைக்கணும்? அடுத்த தடவைக்குத் தெரிஞ்சிக்கணும்" என்றாள் அவள்.

அவர் பழைய சுற்றறிக்கை ஒன்றின் பின்பக்கத்தில் உறுதிமொழித் தாளின் மாதிரியை வரைந்தார். அவள் குனிந்து பார்த்தாள். வெளியே அவர்கள் ஊர் பஸ் கிளம்பப்போகிற ஹாரனை அடித்தது. அவள் நிமிரவில்லை. தனசேகரன் பஸ்ஸைப் பார்த்தான், திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு படியிறங்கி ரோட்டுக்குப் போய், கண்டக்டரைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு வெயிலில் நின்றான்.