பார்த்தேன் என்று எழுதும் இடம்

வீட்டில் படுத்த படுக்கையாய் இருப்போருக்குத் தாதியரை அனுப்பும் அலுவலகம் ஒன்றில் ஓர் எழுத்தர் அம்மையார் இருந்தார். யாருக்குத் தாதி தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதைச் செயற்கை நுண்ணறிவு தீர்மானித்துத் தாளாக அனுப்பும். தாளின் அடியில் ‘மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டார்’ என்று அச்சிட்டிருக்கும். அதன்கீழ் அம்மையார் கையொப்பமிட வேண்டும். தாளொன்றுக்குப் பதினைந்து நொடி ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ளவே அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இளம் தாதி ஒருத்தி நேரே அவர் மேசைக்கு வந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவற்ற ஒரு தையற்காரப் பெண்மணியை மூன்றாண்டுகளாகக் கவனித்து வருபவள். அப்பெண்மணிக்கு நாளை முதல் தாதி வேண்டாம் என்று தாள் போயிருந்தது.

“கையெழுத்து உங்களோடதுதானேம்மா? பார்த்தேன்னு வேற போட்டிருக்கு. எப்போ வந்து பார்த்தீங்க?”

அம்மையாரின் முகம் சுண்டிப்போயிற்று. தாதியின் தினக்குறிப்புகளைத் திரையில் எடுத்துப் பார்த்தார். ‘இன்று சன்னலோரம் எழுந்து நின்றார். பத்தடி நடந்தார்.’

“நடந்தார்னு நீதானேம்மா எழுதியிருக்கே?”

“அக்குள்ல கை கொடுத்து நான்தான் தூக்கிட்டுப் போவேன். கால் தரையில பட்டும் படாம வரும். சாயங்காலம் அவங்க வீட்டுக்காரர் குறிப்பை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவார். தூக்கிட்டுப் போனேன்னு எழுதினா, அந்த முகத்தை யார் பார்க்கிறது? மெஷினும் படிக்கும்னு யார் கண்டா?” மேசைமேல் குனிந்தாள். “அவங்க வீட்டுக்காரருக்கு எழுபத்தெட்டு வயசும்மா. நாளைக்கு அவர் தூக்கப் போனா, ரெண்டு பேரும் சேர்ந்து விழுவாங்க.”

நோயாளிக்கென எழுதிய ஆறுதலை இயந்திரம் சான்றாக எடுத்துக்கொண்டுவிட்டது. இயந்திரத்தைக் கோபித்துப் பயனில்லை; பார்க்காமலே பார்த்ததாகக் கையொப்பமிட்டது அதுவன்று.

தாள்கள் நகராமல் நின்றுபோனதைக் கண்டு மேலாளர் வந்தார். விவரம் கேட்டதும், “மேல்முறையீடு போடச் சொல்லுங்க மேடம். மூணு மாசத்துல பதில் வந்துடும்,” என்றார்.

“அதுவரைக்கும் தூக்கறதுக்கு நீங்க போறீங்களா சார்?” என்றார் அம்மையார்.

“மெஷின் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா சொல்லுதே?”

“மீதி ரெண்டு பேர் எந்த வீட்டுல இருக்காங்கன்னு சொல்லுதா?”

அம்மையார் அந்தத் தாளின் நகலை எடுத்துத் தம் கையொப்பத்தைக் குறுக்கே அடித்தார். ‘நான் பார்க்கவில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதித் தேதியிட்டார். ஒப்புதல் இல்லாத தீர்மானம் செல்லாது, பழைய ஏற்பாடே தொடரும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. பிறகு, மேசையில் காத்திருந்த அறுபது தாள்களையும் மேலாளர் பக்கம் தள்ளினார்.

“இதுல ஒண்ணுலயும் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்.”

“உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க மேடம்.”

“போடட்டும். அவங்களும் ஆள்தானே? அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்.”

தாதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “இனிமே குறிப்புல என்னம்மா எழுதறது?”

“நடந்தாங்கன்னே எழுது. சந்தேகப்படறவங்க வந்து பார்த்துக்கட்டும்.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “வீடு எந்தப் பக்கம்?”

“வேலை நேரத்துல எங்கே கிளம்பிட்டீங்க?” என்றார் மேலாளர்.

“வேலைக்குத்தான் சார்.”