லிஃப்ட்காரர் ஏறினாரா?

பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் ஏறி இறங்காமல் வேறு யாரையும் ஏறவிட மாட்டார் லிஃப்ட்காரர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அன்று காலையும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காய்கறிப் பையும் கைக்குழந்தையுமாக நாலைந்து பேர் கால் மாற்றி நின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் தனியாக மேலே போனார், கீழே வந்தார், மறுபடி போனார். நடுவழியில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார். பிரேக் பிடித்தது. கதவைத் திறந்து, “இப்ப ஏறுங்க” என்றார். ஏறினார்கள். அந்த மனுஷன் ஏறிவிட்டால் அந்தக் கட்டடத்தில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் அன்று சாயங்காலத்துக்குள் மனைவியின் முட்டி ஆபரேஷன் பணத்தைக் கண்ணால் பார்த்திராத ஒரு காசில் போடப் பறந்துகொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல!

கிளப்பிவிட்டவர் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். கழுத்தில் அளவு டேப் தொங்க ஓடிவந்து, போனில் பணம் போடும் ஆப் ஒன்றைத் திறந்து நீட்டினார்.

“பாருங்கண்ணே! மூணே வாரத்துல ரெண்டு மடங்கு. கிரிப்டோன்னா சும்மாவா? இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போட்டா போனஸ் வேறயாம்.”

“துணியை வெட்டுறதுக்கு முன்னாடி நாலு தடவை அளக்கிற ஆளாச்சே நீங்க. எப்படித் துணிஞ்சீங்க?”

“மூணாவது மாடி கணக்கு டீச்சரே போட்டிருக்காங்கண்ணே! அவங்களுக்குத் தெரியாத கணக்கா?”

லிஃப்ட்காரருக்கு அது போதும். காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணி வாங்கும் டீச்சர் அவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் கணக்கில் புலி. அவரே போட்டிருக்கிறார் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

மதியம் வீட்டுக்குப் போய்க் கையைக்கூடக் கழுவாமல் விஷயத்தைக் கொட்டினார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கான பணம் அவள் பேரில் பாங்கில் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் ரகசிய எண் அவள் போனுக்குத்தான் வரும்.

“ஆபரேஷனை ரெண்டே மாசம் தள்ளிப் போட்டோம்னு வை, ரெண்டு முட்டியையும் சேத்தே பண்ணிரலாம்!”

“வலிக்கிறது எனக்கு. தள்ளிப் போடுறது நீங்களா? நல்லா இருக்கே கதை. யாரை நம்பி இதெல்லாம்?”

“கணக்கு டீச்சரே போட்டிருக்காங்கடி.”

“அவங்க யாரை நம்பிப் போட்டாங்க?”

“அது… அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

“நீங்க கேட்டீங்களா?”

லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் அந்த நம்பர் என் போனை விட்டு நகராது.”

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

டீச்சர் வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாங்க, வாங்க! நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். அந்தக் கிரிப்டோவுல ஒரு மாசப் பென்ஷன்தான் போட்டிருந்தேன். சேத்து வெச்சிருக்கிற மொத்தத்தையும் நாளைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்.”

“எதை நம்பிப் போட்டீங்க டீச்சர்?”

“கிரிப்டோவைப் பத்திப் படிச்சுப் பாத்தேன். யாரு யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கிற கணக்கு ஒரே எடத்துல இருக்காது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி எழுதியிருக்கும். ஒருத்தன் திருட்டுத்தனமா மாத்தினா மத்த கணக்கோட ஒத்துப்போகாது, மாட்டிக்குவான். அழகான ஏற்பாடு.”

“அதைப் பாத்துத்தான் துணிஞ்சீங்களா?”

டீச்சர் சிரித்தார். “படிச்ச உடனே பணத்தைப் போட்டுருவோமா? பயமாத்தான் இருந்துச்சு. உங்களைப் பாத்துத்தான் போட்டேன்!”

“என்னையா?”

“பின்னே? போன மாசம் மாடிப்படியில உக்காந்து இந்த ஆப்பைத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க. தான் ஏறிப் பாக்காம அடுத்தவங்களை ஏத்தாத மனுஷன். நல்லாப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்.”



“ஐயையோ! விளம்பரம் வந்துச்சு, என்னதான் எழவுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு காசு போடல டீச்சர்! தையல்காரர் உங்களைப் பாத்துப் போட்டாரு. அவர் சொன்னதைக் கேட்டு, உங்களை நம்பி நான் இன்னிக்குப் போடக் கிளம்பிட்டேன்!”

மூன்று ஜாக்கிரதைக்காரர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்திருக்கிறார்கள். அந்த ஆப்பை நடத்துகிறவன் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

லிஃப்ட்காரருக்குத்தான் முதலில் புத்தி வந்தது. “மேல போறதை யாரு வேணும்னாலும் காட்டலாம் டீச்சர். கீழ இறங்குதான்னுதான் பாக்கணும். கொஞ்சம் பணத்தை வெளிய எடுங்க.”

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுத்தினார். திரையில் வந்தது: ‘பணத்தை எடுக்க, முதலில் இருபது சதவீத வரியைச் செலுத்தவும்.’

“என் பணம் நெஜமாவே உள்ள இருந்தா, வரியை அதுலயே கழிச்சுக்க வேண்டியதுதானே? நான் எதுக்குத் தனியாக் கட்டணும்?” டீச்சரின் குரல் பழைய வகுப்பறைக் குரலாக ஏறியது. ஆப்பில் போட்டிருந்த போன் நம்பருக்கு ஐந்து தடவை அடித்தார். மணி போனது, எடுக்க ஆளில்லை. “கணக்கைப் படிச்சேன், நம்பினேன். ஆனா இவன் என் பணத்தை அந்தக் கணக்குல சேத்தானாங்கறதைப் பாக்கலையே! திரையில ஒரு எண்ணை எழுதிக் காட்டியிருக்கான், அவ்வளவுதான்.”

தையல்காரரையும் மேலே கூப்பிட்டார்கள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மூவருமாகப் போய்ப் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாசப் பென்ஷனும் இரண்டு வாரத் தையல் கூலியும் போனது போனதுதான். ஆனால் டீச்சரின் ஆயுள் சேமிப்பு பிழைத்தது. முட்டிப் பணமும் பிழைத்தது. திரும்பும் வழியில் லிஃப்ட்காரர் பத்து தடவையாவது அப்பாடா என்று சொல்லியிருப்பார்.

அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி நாலு அடி நடந்ததைப் பார்த்து லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வராந்தாவில், ஒரு நோயாளியின் மகன் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். “கிரிப்டோதான் மச்சான்! எல்லாரும் போட்டிருக்காங்க, நீயும் தைரியமாப் போடு.”

லிஃப்ட்காரர் எழுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“தம்பி, எல்லாரும்னா யாரு? அவங்க யாரைப் பாத்துப் போட்டாங்க? பணத்தை வாங்கிக்கிறவன் யாரு, திருப்பித் தரலைன்னா யாரு வீட்டுக் கதவைத் தட்டுவீங்க? இத்தனைக்கும் பதில் தெரிஞ்சா போடுங்க. அடுத்தவங்க நம்பிட்டாங்கங்கறதை மட்டும் நம்பிப் பணத்தைக் குடுக்காதீங்க. அவங்க உங்களைப் பாத்துப் போட்டிருப்பாங்க!”