போர்ஷன் முடியாத வகுப்பு

முதல் உலகப் போரில் செத்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவின் கடைசி மூன்று பெஞ்சுகளில் வந்து உட்காருவார்கள். சரித்திரப் பாடவேளைக்கு மட்டும்தான் வருவார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்த பெஞ்சுகள் காலியாகவே கிடக்கும், கணக்கு வாத்தியாருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். சேறு அப்பிய பூட்ஸோடு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை வைத்த கண் வாங்காமல் கேட்பார்கள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ, ஆனால் வாயைத் திறந்தால் அவர்கள் பேசுவது எல்லாருக்கும் புரிந்தது. வகுப்பைப் பெருக்குகிற அம்மா தரையைப் பார்த்துவிட்டு முதலில் காச்மூச்சென்று கத்தினாள். பிறகு வாசலில் ஒரு பழைய சாக்கை விரித்தாள். அவர்கள் காலைத் துடைத்துக்கொண்டு வரத் தொடங்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

எதற்கு வருகிறார்கள் என்று யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. நடுச்சண்டையில் செத்தவனுக்குச் சண்டை எப்படி முடிந்தது என்று தெரியாதல்லவா? யார் ஜெயித்தார்கள், தான் விழுந்த பள்ளம் கடைசியில் யார் கைக்குப் போனது, இதெல்லாம் சரித்திர டீச்சர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் வருடம் போர்நிறுத்தம் கையெழுத்தான பாடத்தை டீச்சர் நடத்தி முடித்தபோது ஒருவன் கையைத் தூக்கினான். பிள்ளைகள் அவனைச் சேற்றண்ணன் என்று கூப்பிடுவார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது.

"இதோட எல்லாம் முடிஞ்சுதா டீச்சர்? இதான் கடைசிச் சண்டை, இனிமே வராதுன்னு சொல்லித்தான் எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க."

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார். "முடிஞ்சுதுப்பா," என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை அவரைப் படாதபாடு படுத்தியது. புத்தகத்தில் அதற்குப் பிறகும் பாடங்கள் இருந்தன, அவற்றை நடத்தாமல் தப்பிக்க வேண்டும். அதனால் டீச்சர் இழுத்தார். நீராவி எஞ்சினிலேயே ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. பிரெஞ்சுப் புரட்சியில் ராஜாவின் தலை விழுவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். வரைபடங்களுக்கு நிறம் அடிக்க வைத்தார், விளையாட்டு விழா ஒத்திகைக்குத் தன் பாடவேளைகளைத் தாராளமாகத் தாரை வார்த்தார். போர்நிறுத்தத்துக்கு வந்து சேரவும் வருடம் முடியவும் சரியாக இருக்கும். போர்ஷன் முடிக்காத சரித்திர டீச்சர்கள் உலகம் முழுக்க உண்டு என்பதால் தலைமையாசிரியைக்குச் சந்தேகமே வரவில்லை. சேற்றண்ணன் ஒவ்வொரு வருடமும் வந்தான், சண்டை முடிந்ததைக் கேட்டான், நிம்மதியாக எழுந்து போனான். நல்ல செய்தியை எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது போலிருக்கிறது.

டீச்சரின் சொந்த மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் வினை வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து ஒரு பெரிய கேள்வி கட்டாயம் என்று தேர்வு வாரியம் அறிவித்துவிட்டது. டீச்சர் அந்தப் பாடத்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். மகள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நடத்தலைன்னா நாங்க என்னத்தம்மா எழுதறது? மொத்த கிளாஸும் போயிடும்."

"நடத்தினா அந்தப் பையன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? நீ செத்தும் ஒண்ணும் நிக்கலைப்பான்னு சொல்றதா?"

"நீ சொல்லாட்டி நடக்கலைன்னு ஆயிடுமா? அவங்களுக்கு மட்டும் ஏம்மா பாதியோட நிறுத்தறே?"

மறுநாள் டீச்சர் பாடத்தைத் தொடங்குவதற்குள் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. "சண்டை முடிஞ்சுதுன்னு நான் சொல்லியிருந்தேன்," என்றார். "முடியலை." பிறகு நிறுத்தாமல் நடத்தினார். எரிந்த நகரங்கள், ரயில் ரயிலாக ஏற்றிக் கொண்டுபோகப்பட்டு முகாம்களிலிருந்து திரும்பாத குடும்பங்கள், ஒரே குண்டில் சாம்பலான ஊர். கடைசி பெஞ்சுகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

பாடம் முடிந்ததும் சேற்றண்ணன் எழுந்து நின்றான். கத்துவான், அழுவான், இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று டீச்சர் பயந்தார். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை.

"அப்போ இன்னும் ஆளுங்க வருவாங்களே டீச்சர்," என்றான். பக்கத்திலிருந்தவனின் தோளைத் தட்டி, "தள்ளி உக்காருப்பா, இடம் விடு," என்றான்.

அவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், அப்புறம் பெஞ்சுகளையே விட்டுவிட்டுச் சுவரோரம் தரையில் இறங்கினார்கள். வந்தவர்களுக்கு அதுவும் போதவில்லை. முதலில் சிப்பாய்கள். பிறகு ஒற்றைப் பெட்டியோடு தாய்மார்கள், கைத்தடி ஊன்றிய கிழவர்கள், தூக்கம் கலையாத குழந்தைகள். வகுப்பு நிறைந்து, வராந்தா நிறைந்து, மாடிப்படியும் மைதானமும் நிறைந்து, கூட்டம் தெருவையும் தாண்டி ஊர் எல்லைக்கு அப்பாலும் நின்றது. பஸ்கள் நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பயணிகள் தாமாகவே இறங்கிக் கைகட்டி நின்றார்கள். அத்தனை கோடிப் பேர் சின்னச் சத்தம்கூட இல்லாமல் வருவதைப் பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் அல்ல. உலகம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

டீச்சர் மகளின் பக்கத்தில் அவள் வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கச் சடைதான் பின்னியிருந்தது, மறுபக்கம் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மகள் தன் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். வந்தவள் மெதுவாகக் கேட்டாள், "நாங்க இப்பத்தான் வந்தோம். முதல்லேருந்து சொல்றீங்களா டீச்சர்?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையை அழித்தார்.

அந்த வருடத் தேர்வில் அந்தக் கேள்வியை யாரும் விடவில்லை. இப்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் மைதானத்தில்தான் நடக்கிறது. டீச்சருக்கு மைக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு பஸ்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. காலையில் பிள்ளைகள் செருப்பு மாட்டும்போது வீடுகளில் அம்மாக்கள் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார்கள்: "சரித்திர புக்கை மறந்துடாதே, பக்கத்துல உக்காருறவங்ககிட்ட இருக்காது."