நான்கு மில்லிமீற்றர்

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். என் கணவர் இராகுலனுக்குப் பிடித்தது இரும்பு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கரையில் கட்டுவது அவருடைய வேலை. பகல் முழுக்கக் கயிறு இழுத்துவிட்டு வந்து, வீட்டிலும் கதிரையில் இருந்து கிரிப்பரை நெரித்துக்கொண்டிருப்பார். இரண்டு பிடி, மேலே ஒரு தடித்த ஸ்பிறிங். ஒற்றைக் கையால் நெரித்து இரண்டு பிடியும் முட்டினால் மூடியதாகக் கணக்கு. இந்தச் சங்கதிக்காக என் சேலை அலுமாரியில் இரண்டு தட்டுகள் பறிபோய்விட்டன. முப்பத்தெட்டுக் கிரிப்பர் அடுக்கியிருக்கிறார். ஒன்றாவது தேங்காய் துருவ உதவுமா என்று கேட்டால் சிரிப்பார்.

கிண்ணியாவில் பஹ்மி என்று ஒருவர், அவருக்கும் இதே விசர்தான். நாட்டில் யார் எந்தக் கிரிப்பரை மூடினார் என்ற பட்டியல் அவரிடம்தான் இருக்கிறது. வீடியோ அனுப்பினால் பார்த்துப் பெயர் சேர்த்துக் குழுவில் போடுவார். அவரிடம் கறுப்புக் கிரிப்பர் ஒன்று இருந்தது. அதைச் செய்த மனிதர் இறந்துவிட்டார், இனி அப்படி ஒன்று வராது. இங்கே அதை ஒருவரும் மூடியதும் இல்லை. பஹ்மி அதைப் போலந்துக்காரர் ஒருவருடைய அரிய கிரிப்பருக்கு மாற்றிக்கொள்ள வாக்குக் கொடுத்திருந்தார். பார்சல் அனுப்ப வேண்டிய நாள் வருமட்டும், ஒரு மாதத்துக்கு, என் கணவரிடம் தந்துவைத்தார். இவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த மாதம் என்னோடு கதைத்ததைவிட அந்த இரும்போடு கதைத்ததுதான் கூட.

இந்த விளையாட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. தொடங்குமுன் மற்றக் கையால் பிடிகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடையில் வங்கி அட்டை ஒன்று அகலவாக்கில் போய்வர இடம் இருக்கவேண்டும். அதைவிட நெருக்கினால் செல்லாது. அட்டையை நுழைத்துக் காட்டுவது என் பொறுப்பு, மற்றக் கையில் போனைப் பிடித்து வீடியோ எடுப்பதும் நான்தான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த சூட்டோடு பிடி வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் சோக்குத்தூளைப் பூசி, கறுப்புக் கிரிப்பரை நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வங்கி அட்டை அறையில் என் கைப்பைக்குள் கிடந்தது. குசினியில் கறி கொதித்தது. அவர் கழுத்தில் துறைமுகத்துக்குள் போகிற பாஸ் தொங்கியது. அட்டை என்றால் அட்டைதானே என்று அதைக் கழற்றிப் பிடிகளுக்கு இடையில் நுழைத்து எடுத்தேன், மட்டுமட்டாகத்தான் போய்வந்தது. அவர் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. பிறகு நெரித்தார். தோள்வரை நடுங்கியது. இரும்பும் இரும்பும் முட்டிய சத்தம் எனக்கே கேட்டது.

"மூடிச்சுதா?"

"ஓம், மூடிட்டுது."

உள்ளங்கைத் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. அதைப் பார்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்தார். வீடியோ போய் ஒரு மணித்தியாலத்துக்குள் பஹ்மி பட்டியலைப் போட்டுவிட்டார். கறுப்புக் கிரிப்பர், முதலாவது ஆள், இராகுலன், திருகோணமலை.

அடுத்த நாள் மத்தியானம் மேசையை ஒதுக்கும்போது பாஸும், காலையில் நான் கடைக்குக் கொண்டுபோய்வந்த வங்கி அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் தையல்காரி, எனக்குக் கண்தான் அளவுநாடா. இருந்தாலும் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். வங்கி அட்டை ஐம்பத்துநான்கு மில்லிமீற்றர். பாஸ் ஐம்பது. லமினேட் பண்ணின கடையில் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். சட்டையில் என்றால் நான்கு மில்லிமீற்றரைத் தையலுக்குள் மறைத்துவிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கு நூலளவு பிசகினாலும் பிரித்துத் தைக்கிற நான், இதில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன், பொய் சொல்லக்கூடாது. முதலில் சாப்பிடட்டும் என்று சோற்றைப் போட்டேன். அவர் சாப்பிட்டபடியே சொன்னார், "ஆயிரம் பேர் வாழ்த்தட்டும். உன்ர கண்ணுக்கு முன்னால மூடினதுதான் எனக்குப் பெரிசு."

அதற்குமேல் எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, நேற்று நான் நுழைச்சது பாங்க் காட் இல்லை. உங்கட பாஸ். அது சின்னன்."

கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. பஹ்மிக்குப் போன் எடுத்தார்.

நாலு மணிக்கு பஹ்மி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "ஒருத்தருக்கும் வெளங்காது மச்சான். வீடியோவ நானே பாத்துட்டுத்தானே பேர் போட்டன்."

"எனக்கு விளங்கிட்டுதே."

"இந்தக் கை ஆற ஒரு கிழம வேணும். பார்சல் நாளைக்குப் போகுது. குடுத்த வாக்க மாத்த ஏலாது."

"அப்ப இப்பவே செய்வம்," என்றார் இவர்.

இந்த முறை வங்கி அட்டையைப் பஹ்மி நுழைத்தார். இவர் மூன்று தரம் நெரித்தார். மூன்றாம் தரம் ஒரு தீக்குச்சி போகிற இடைவெளி வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த இரும்புகளைத் திட்டித் தீர்த்தவள், மூடு மூடு என்று மனதுக்குள் கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். மூடவில்லை. கையில் சுற்றியிருந்த துணி சிவந்துவிட்டது. பஹ்மி போனை எடுத்துப் பெயரை அழித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்," என்றேன்.

"இருந்திருந்தா சாகுமட்டும் பொய்ப் பேரோட திரிஞ்சிருப்பன்," என்றார் இவர். "அதுவும் எனக்கே தெரியாமல்."

கிரிப்பரை இடது கையால் துடைத்து, எண்ணெய் பூசிப் பஹ்மியிடம் கொடுத்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். வலது கையால் கோப்பையை எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எடுத்திருக்கலாம். எடுக்காமல் என்னைப் பார்த்தார். பஹ்மி இருக்கிறார் என்றும் பாராமல் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கோப்பையை அவர் வாயருகில் பிடித்தேன்.