இடதுபக்கம் இழுக்கும் வண்டி

நஸ்மியே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வலதுபக்கம் ஒடித்துப் பிடித்திருந்தாள். சறுக்குவண்டி அதை மதிக்கவில்லை.

பள்ளிவாசல் சரிவில் பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. எதிரே இமாமின் விறகு அடுக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. வலதுபக்கம் பாதை, இடதுபக்கம் விறகு. வண்டிக்கு விறகுதான் பிடித்திருந்தது.

"விலகுங்க... விலகிப் போங்க."

அடுக்கின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனை மட்டும் விலகியது.

மோதல். கட்டைகள் நாலாபக்கமும் தெறித்தன. முக்காடு ஒரு பக்கம், ரப்பர் பூட்ஸ் ஒரு பக்கம் என்று பனிக்குள் தலைகுப்புறக் கிடந்த நஸ்மியே எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த பனியைத் துப்பினாள்.

மேலே டீக்கடை ஜன்னல் திறந்தது.

"அண்ணி, நேத்து கோழிக்கூண்டு, இன்னிக்கு விறகு. நாளைக்கு யார் வீடுன்னு சொல்லிட்டா கதவைத் திறந்து வைப்பாங்க." செலாமியின் குரல். பின்னாலேயே ஒரு கும்பலின் சிரிப்பு.

"உன் வீடுதான்டா. உங்கம்மாகிட்ட டீ போட்டு வைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, சிதறிய கட்டைகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

விஷயம் இதுதான். எங்கள் கவாக்தெபெ கிராமத்திலிருந்து மலையிறங்கி டவுனுக்குப் போக ஒரே மினிபஸ், ஊர்ப் பொதுச்சொத்து. அதை ஓட்டிக்கொண்டிருந்த ஹிக்மெத்துக்கு முழங்கால் போய்விட்டது. இனி கிளட்ச்சை மிதிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் செலாமி, டிராக்டர்க்காரன். ஊரிலேயே வேகமானவன், பிரேக் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று யோசிக்காதவன். இன்னொருத்தி நஸ்மியே. கல்யாணத்துக்கு முன்னால் ரிஸே நகரத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டியவள். லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. தூக்கத்தில் அவள் கியர் மாற்றுவதாக, உதைபட்ட கணவன் ருஸ்தெம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். மறுபடி ஒரு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வேண்டும். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

யாருக்கு ஓட்டு என்று கையைத் தூக்கச் சொன்னால் ஊர் இரண்டாகும் என்று ஊர்த்தலைவர் நெஜாத்திக்குப் பயம். டீக்கடையில் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"பனியில வண்டியை அடக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் பஸ். அவங்கவங்க சொந்தமா ஒரு சறுக்குவண்டி செய்யுங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்லேர்ந்து பாலம் வரைக்கும் ஓட்டம். யாரு பாலத்தை முதல்ல தொடறாங்களோ அவங்களுக்குச் சாவி."

ருஸ்தெம் தேன்கூட்டுப் பெட்டிகள் செய்பவன். கட்டைக்குக் குறைவில்லை. முதலில் செய்த வண்டியைக் கயிற்றால் திருப்ப வேண்டியிருந்தது. அது திரும்புவதற்குள் ஊர் முடிந்துவிடும். பிறகு, கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய மினிபஸ்ஸின் ஸ்டியரிங்கை நஸ்மியே கழற்றிக்கொண்டு வந்தாள். முன்னால் குட்டியாக ஒரு ஜோடிச் சறுக்குக் கட்டை, நடுவில் ஒரு போல்ட்டு, அங்கிருந்து ஸ்டியரிங்குக்கு ஒரு கம்பி. பின்னால் நீளமாக இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் பீப்பாய்ப் பட்டை இரும்பு, அதன்மேல் ருஸ்தெமின் தேன்மெழுகு. பிரேக்குக்கு ஒரு மண்வெட்டித் தலை. நெம்புகோலை இழுத்தால் பனியைக் கொத்தி நிற்கும்.

புது வண்டி என்றால் சும்மா விடுவார்களா? பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் திருஷ்டிக்கு எதையாவது கட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டியரிங்கில் ஒரு நீலக் கண்ணாடி மணி, உட்காரும் பலகையின் பின்னால் பூண்டு மாலை, யாரோ ஒரு குழந்தையின் பழைய ஷூ. எல்லோருக்கும் முதலில் வந்தவள் செலாமியின் அம்மா குலிஸார். மகனுக்கு எதிராகச் செய்த வண்டிதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சிவப்புத் துணி முடிச்சைக் கொண்டுவந்து, பலகையின் பின்முனையில், இடது மூலையில், கம்பி போட்டு இறுக்கிக் கட்டினாள். வாய்க்குள் ஏதோ ஓதி ஊதினாள்.

"கனமா இருக்கே பெரியம்மா?" என்றாள் நஸ்மியே.

"வேண்டுதல் கனமாத்தான் இருக்கும். கைபடாமப் பாத்துக்கோ. அவுத்தா அவுத்தவங்களுக்கே திரும்பும்."

அது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒருவர் கட்டிய திருஷ்டி முடிச்சை இன்னொருவர் தொடுவதில்லை.

அன்றிலிருந்து வண்டி இடதுபக்கம் இழுத்தது.

விறகில் மோதிய அந்தப் புதன்கிழமை, மாட்டுத்தொழுவத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். மாடு அசைபோட்டபடி வேடிக்கை பார்த்தது.

"கம்பி வளைஞ்சிருக்கு" என்றான் ருஸ்தெம்.

"நேத்தும் அதான் சொன்ன. புதுக் கம்பி போட்டாச்சு."

"அப்ப போல்ட்டு."

"போல்ட்டையும் மாத்தியாச்சு."

ருஸ்தெம் நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தான். சட்டம் கோணவில்லை. முன் கட்டைகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டான். மண்வெட்டிதான் உரசுகிறதோ என்று அதையும் மேலே தூக்கிக் கட்டினான். திருப்புவது முன்னால் இருக்கிறது, ஆகவே கோளாறும் முன்னால்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருவருக்கும் தோன்றியது. பின்னால் தொங்கியவை சாமான்களே இல்லை, வேண்டுதல்கள். அந்தப் பக்கம் பார்வையே போகவில்லை.

வியாழக்கிழமை மதியம் மறுபடி ஓட்டம். மறுபடி இடது. இந்த முறை மோதியது நெஜாத்தியின் வேலி.

நஸ்மியே வேலியில் சாய்ந்தபடி நெடுநேரம் கீழே பாதையைப் பார்த்தாள். பள்ளிவாசலில் தொடங்கி நேராக இறங்கும். பழைய மாவு ஆலையருகே சடாரென்று ஒடியும். அதைத் தாண்டினால் பாலம்தான். ஆலை வளைவில் எவ்வளவு பெரிய கில்லாடியும் பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காதவன் வெளிப்பக்கம் எகிறுவான்.

அந்த வளைவு எந்தப் பக்கம்?

இடதுபக்கம்.

"ருஸ்தெம்" என்றாள் மெதுவாக. "இதைச் சரி பண்ண வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு?"

"கம்பியைக் கொஞ்சம் குட்டையாக்கு. நான் ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சா முன்கட்டை வலதுபக்கம் லேசாப் பாக்கணும். இது இழுக்கிற இழுப்புக்கு அது சரியாப் போயிடும். நேரா ஓடும். ஆலைகிட்ட வந்ததும் இடதுபக்கம் விட்டுடறேன். எங்க போகணும்னு இது தவியாத் தவிக்குதோ, அங்கயே போகட்டும்."

"கோளாறோட குடித்தனம் பண்ணச் சொல்றியா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் அதைத்தானே பண்றேன்."

ருஸ்தெம் சிரித்துக்கொண்டே அரத்தை எடுத்தான். அவள் சொன்னபடி கம்பியைக் குறைத்தான். இருட்டுவதற்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். ஆலைவரை போகவில்லை, செலாமி பார்த்துவிடுவான். ஆனால் வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக ஓடியது.

வெள்ளிக்கிழமை.

தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள், பெண்கள் பாதையோரம் இடம் பிடித்திருந்தார்கள். சோளரொட்டி கைமாறியது. செலாமி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். மோட்டார் சைக்கிள் கைப்பிடி, பளபளக்கும் தகரம், எல்லாம் கச்சிதம். அவன் வண்டியின் பின்னாலும் ஒரு சிவப்பு முடிச்சு தொங்கியது. அம்மா மகனுக்குக் கட்டாமல் இருப்பாளா?

அவனுடைய வலது காதில் ஒரு பெரிய பிளாஸ்டர்.

"என்னடா காது?" என்றாள் நஸ்மியே.

"கதவு இடிச்சிருச்சு."

"கதவு இடிக்கலப்பா, வாதுமை மரம்" என்று கூட்டத்திலிருந்து எவனோ போட்டுக்கொடுத்தான். செலாமி முறைத்தான்.

"அண்ணி, தோத்தாலும் கவலைப்படாதீங்க. டவுனுக்குப் போக உங்களுக்கு முன்சீட்டு எப்பவும் உண்டு."

"உன் வண்டியிலயா? வேணாம்பா. உங்கம்மா உன் டிராக்டர்ல ஒரு கூடை முட்டையோட சந்தைக்குப் போன கதை எனக்குத் தெரியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு உடையாமல் போய்ச் சேர்ந்தது கூடை மட்டும்தான். கூட்டத்தில் நின்றிருந்த குலிஸார் மட்டும் சிரிக்கவில்லை.

நெஜாத்தி தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். இறக்கினார்.

இரண்டு வண்டிகளும் பாய்ந்தன.

செலாமி முந்தினான். அவனுக்கு எடை அதிகம், பயம் குறைவு. டீக்கடை தாண்டியது, இமாமின் விறகு தாண்டியது. நஸ்மியே ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக் குனிந்துகொண்டாள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனாலும் செலாமியின் முதுகு தூரத்தில்தான் இருந்தது. ஒன்று மட்டும் வினோதமாகப் பட்டது. நேரான பாதையில் அவன் கைப்பிடியை ஏன் இடதுபக்கமாக ஒடித்து வைத்திருக்கிறான்?

யோசிக்க நேரமில்லை. ஆலை வந்துவிட்டது.

வளைவின் உள்பக்கம் ஆலையின் கற்சுவர். வெளிப்பக்கம் இறக்கம், இறக்கத்தில் ஊர் மாடுகளின் சாணிக்குவியல், பனிக்கு நடுவே ஆவி பறக்க.

செலாமி பிரேக்கை இழுத்தான். கைப்பிடியை இன்னும் இடதுபக்கம் ஒடிக்கப் பார்த்தான். ஒடிக்க மிச்சம் இல்லை. வண்டி நேராகப் போனது. பிறகு வலதுபக்கம் போனது. பிறகு, தரையைவிட்டே போனது.

'சொத்' என்று ஒரு சத்தம்.

நஸ்மியே திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கைத் தொடவும் இல்லை. கற்சுவர் முகத்துக்கு நேரே வந்தது. இப்போது... ஸ்டியரிங்கை இடதுபக்கம் விட்டாள். நாள்கணக்கில் அவளை அழவைத்த அந்த இழுப்பு, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துத் திருப்பிய மாதிரி வண்டியைச் சுழற்றியது. சுவர் தோளோடு உரசிப் போயிற்று. எதிரே பாலம்.

பாலத்தின் கல்லைக் கையால் தட்டிய பிறகுதான் அவள் மூச்சுவிட்டாள்.

கூட்டம் சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தது. முதலில் வந்த ருஸ்தெம் அவளைப் பார்க்கவில்லை, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். சிவப்புத் துணி கிழிந்து தொங்கியது. உள்ளேயிருந்து எதுவோ பளிச்சென்று எட்டிப் பார்த்தது. பனியில் தேய்ந்து தேய்ந்து மெருகேறிய ஒரு கோவேறு கழுதை லாடம். நஸ்மியே பலகையில் உட்கார்ந்தாள். பலகை தாழ்ந்தது, லாடத்தின் முனை பனியில் ஊன்றியது. எழுந்தாள், லாடம் மேலே ஏறிக்கொண்டது.

"இடது மூலை" என்றான் ருஸ்தெம். "கலப்பை மாதிரி கொத்தியிருக்கு. நாம முன்பக்கத்தையே பாத்துட்டிருந்தோம்."

எல்லோர் கண்ணும் குலிஸாரிடம் போயிற்று. மகன் ஜெயிக்கட்டும் என்று எதிராளி வண்டியில் நங்கூரம் போட்டிருக்கிறாள் என்று முணுமுணுப்பு கிளம்பியது. குலிஸார் கைகளை மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு நிதானமாக நின்றாள்.

செலாமி வந்து சேர்ந்தான். அவன் வருவதற்கு முன்பே வாசனை வந்தது. எல்லோரும் வழிவிட்டார்கள்.

"இந்த ஓட்டம் செல்லாது" என்றான். "என் வண்டி ஒரு வாரமா வலதுபக்கம் இழுக்குது. கம்பியை மாத்தினேன், போல்ட்டை மாத்தினேன்..."

நஸ்மியேயும் ருஸ்தெமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் நேராக அவன் இழுத்துவந்த வண்டியின் பின்னால் போய்க் குனிந்தாள். சிவப்பு முடிச்சு. கம்பி போட்டு இறுக்கியது. வலது மூலையில்.

"பெரியம்மா, அவுக்கட்டுமா?"

"அவு. காரியம் முடிஞ்சிருச்சு."

அதற்குள்ளும் ஒரு லாடம்.

செலாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நஸ்மியே ஊர்த்தலைவர் பக்கம் திரும்பினாள். "ரெண்டையும் கழட்டிட்டு மறுபடி ஓடறதுன்னாலும் நான் தயார்."

நெஜாத்தி தாடையைச் சொறிந்தார். "எதுக்கு? ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறுதான். ஒருத்தி அது என்னன்னு தெரியாமலே அதுக்கு வழி பண்ணினா. இன்னொருத்தன் மரத்துல காதை இடிச்சான். பனியில வண்டியை அடக்கறதுன்னா இதானேப்பா." அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நஸ்மியே அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். சாவி சூடாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை எப்ப வண்டி எடுப்ப?" என்று குலிஸார் அவளிடம் கேட்டாள். "முட்டை நிறையச் சேர்ந்துபோச்சு. முன்சீட்டு எனக்கு."

அப்போதுதான் செலாமிக்கு எல்லாம் புரிந்தது. தாடியிலிருந்த சாணியை வழித்தபடி, அடிபட்ட குரலில் கேட்டான்.

"ஏம்மா, நான் உன் பிள்ளை இல்லையா?"

"பிள்ளைதான்டா" என்றாள் குலிஸார், தன் முக்காட்டு நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டபடி. "அதனாலதான் சுவர் இருக்கிற பக்கம் கட்டாம, சாணி இருக்கிற பக்கமாக் கட்டினேன்."